தாய் வேலைக்குச் சம்பளம்

ருமேனியா நாட்டின் வடகோடியிலே சீகெட் என்றோர் ஊர். ஆற்றுக்கு இக்கரை ருமேனியா, அக்கரை உக்ரைன். என்னோடு வந்த பயணிகளெல்லாம் பக்கத்து ஊரான சபன்சாவுக்குப் புறப்பட்டனர், 'சிரிக்கும் இடுகாடு' காண! நீல வண்ணச் சிலுவைகள், ஒவ்வொன்றிலும் இறந்தவரைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு. நான் செல்லவில்லை. செத்தவரைப் பார்க்கவா இத்தனை கல் தொலைவு வந்தேன்? குழந்தைகள் நலத்துறையில் பணிபுரியும் ஓர் இளைஞர், மொழிபெயர்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டு, என்னை வேறொரு வீட்டுக்கு அழைத்துப் போனார்.

மரத்தாலான பெரிய வாயில். அதிலே கதிரவனும் முறுக்குக் கயிறும் செதுக்கியிருந்தார்கள். அந்த வட்டாரத்துத் தச்சர்களின் கைவண்ணம் அது. உள்ளே ஐம்பதைக் கடந்த அம்மையார் ஒருவர். மடியிலே ஒன்பது வயதுச் சிறுவன். மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கவில்லை. கை ஒரு பக்கம் இழுத்தது, கால் மறு பக்கம் இழுத்தது. மக்காச்சோள மாவைக் கிண்டி 'மாமலிகா' என்றொரு பண்டம் செய்கிறார்கள். நம் வீட்டுக் களிக்கு உடன்பிறந்தது! அதைப் பாலில் குழைத்து, கரண்டி நுனியால் ஊட்டிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டால் புரையேறும். ஒரு கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"பேரனா?" என்று கேட்டேன்.

"இல்லை. இவன்தான் என் வேலை" என்றார் அம்மையார்.

வேலையா! சுருக்கென்றது எனக்கு. பிறகு விளக்கினார் இளைஞர். அம்மையாருக்கும் மாவட்டக் குழந்தைகள் நலத்துறைக்கும் இடையே வேலை ஒப்பந்தம் இருக்கிறது. மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியக் கணக்கு உண்டு. உடற்குறையுள்ள குழந்தை என்பதால் கூடுதல் படியும் உண்டு. பயிற்சி பெற்று, வீட்டைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிய பிறகே குழந்தையை ஒப்படைக்கிறார்கள். ஆலைத் தொழிலாளிக்கு எந்திரம். இந்த அம்மையாருக்கு ஒரு பிள்ளை!

இந்த ஏற்பாடு எளிதில் வந்ததல்ல. கதை 1966-ல் தொடங்குகிறது. ஆண்டவர் சௌசெஸ்கு. நாடு பெருக மக்கள் பெருக வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். 45 வயதைக் கடந்தவர், நான்கு பிள்ளை பெற்றவர் போன்ற சிலரைத் தவிர, மற்றப் பெண்களுக்குக் கருக்கலைப்பு கூடாது! 25 வயதைக் கடந்தும் பிள்ளை இல்லையா, கட்டு வரி! 1966-ல் சுமார் 2,74,000 குழந்தைகள் பிறந்த நாட்டில், மறு ஆண்டே சுமார் 5,28,000 குழந்தைகள் பிறந்தன. பெற்றுத் தா என்று மிரட்டியது அரசு. பெற்றவள் வயிற்றுக்கு என்ன செய்வாள் என்று எண்ணிப் பார்த்ததா? வளர்க்க வழியற்றோர் விடுதி வாசலிலே விட்டுச் சென்றனர்.

அந்த விடுதிகளில் குறையுள்ள குழந்தைக்கு மூன்று வயதானதும் ஒரு பரிசோதனை. தேறுமா, தேறாதா? 'தேறாதவை' என்று ஏட்டிலே எழுதிவிட்டால், பள்ளி இல்லை, மருத்துவம் இல்லை. ஊர்க்கோடியிலே ஒரு கட்டடம், கம்பிக் கட்டில். செங்கொடி பறந்த நாடு, தோழர்களே! சமதர்மம் பேசிய வாய்தான் அந்தச் சொல்லையும் சொல்லிற்று. சீகெட்டிலேயே அப்படியொரு விடுதி இருந்தது. அதிலே வளர்ந்தவர் இசிடோர் ரக்கல். போலியோ தாக்கிய காலன்றி வேறு குற்றம் செய்யாதவர். 1991-ல் பதினொரு வயதில் அமெரிக்கக் குடும்பம் ஒன்று அவரைத் தத்தெடுத்தது. உள்ளே பட்டதைப் பின்னாளில் நூலாகவே எழுதினார், அந்தத் 'தேறாதவர்'!

1989 டிசம்பர் 25-ல் சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே அந்த ஆணை கிழிந்தது. கதவு திறந்தபோது விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்! 1997-ல் வந்த சீர்திருத்தம்தான், சம்பளம் பெறும் வளர்ப்புத்தாய் என்ற வேலையைப் பிறப்பித்தது. புக்கரெஸ்ட் நகரில், 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் 136 விடுதிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப்பேரை வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீடு சென்றோர் அறிவிலும் பேச்சிலும் முந்தினர். அவர்களிலும் இரண்டு வயதுக்குள் சென்றோரே மிக முந்தினர். 2004-ல் சட்டம் வந்தது: இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையை விடுதியில் சேர்க்கக் கூடாது. ஆனால் கடுமையான உடற்குறை உள்ள குழந்தைக்கு மட்டும் விலக்கு! மடி எவனுக்கு மிகத் தேவையோ, அவனுக்கா விலக்கு? இந்தச் சிறுவனும் மூன்று வயதுக்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தானாம்.

அம்மையாரிடம் விடுமுறை பற்றிக் கேட்டேன். சிரித்தார். மகள் திருமணத்துக்கும் இவனைத் தூக்கிக்கொண்டுதான் போனாராம்.

கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டான்ட்சாவில் வளர்ப்புத்தாய்களின் சங்கம் ஒன்று வழக்கே தொடுத்தது. வார ஓய்வு இல்லை, பண்டிகை நாள் இல்லை, ஆண்டு விடுப்புக்குக் குழந்தையை விட்டுப் போக முடிவதில்லை. ஈடாகப் பணம் கொடு என்றார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 2018 நவம்பர் 20-ல் தீர்ப்பு. இவர்கள் தொழிலாளிகளே, ஐயமில்லை. ஆனால் ஐரோப்பிய வேலைநேர விதி இவர்களுக்குப் பொருந்தாது. இரவும் பகலும் குழந்தை குடும்பத்தோடு கலந்திருப்பதே இந்த வேலையின் தன்மை என்றது நீதிமன்றம்.

தொழிலாளி, ஆனால் ஓய்வில்லாத தொழிலாளி! எட்டு மணி நேர வேலை கேட்டு முழங்கிய நாக்கு எனக்கு. சும்மா இருக்குமா? "உங்களுக்கு மாற்றாக இன்னொருவருக்கும் பயிற்சி தந்து, சம்பளம் தந்து, மாதம் நாலு நாள் அனுப்ப வேண்டியதுதானே அரசு?" என்றேன். அம்மையார் மறுக்கவில்லை. நல்லதுதான் என்றார். அடுப்பைப் பார்க்க எழுந்தவர், மிச்சமிருந்த கிண்ணத்தையும் கரண்டியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கரண்டியை நீட்டினேன். பையன் உதட்டை இறுக மூடிக்கொண்டான். தமிழில் கெஞ்சினேன், கரண்டியை ஆட்டிக் காட்டினேன். கண் மட்டும் அடுக்களைப் பக்கமே போயிற்று. அம்மையார் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.