கையேட்டு ஆக்கத்தில் காலச் சிக்கனம்

பெங்களூரின் தென்புறத்தே, ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் மென்பொருள் நிலையங்கள் பல உள. இத்தகைய இடங்களில், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மென்பொருளின் கையேடு தானாகவே மீண்டும் ஆக்கப்படுவதுண்டு. ஓர் எழுத்துப் பிழைக்காக நெடுநேரம் காத்திருக்க நேரின், சிறு பிழைகள் திருத்தப்படாமலே தங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர் இதனை நன்கறிவர்.

2008-இல் வெளிவந்த ‘ஸ்பிங்க்ஸ்’ என்னும் கையேட்டு நிரல், முன்பு படித்த பக்கங்களைச் சேமித்து வைத்து, மாறியவற்றை மட்டுமே மீண்டும் படிக்கும். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபெல்ட்மன் இயற்றிய ‘மேக்’ நிரலின் நெறியே இது. ஆனால் தானியங்கி ஆக்கம் பெரும்பாலும் வெற்றுக் கணினியில் தொடங்குவதால், அச்சேமிப்பையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். இதில் இடரும் உண்டு: புதிய அத்தியாயம் சேருங்கால், மாறாத பக்கங்களின் ஓரத்திலுள்ள பொருளடக்கம் பழையதாகவே நிற்கக்கூடும். ஆதலின் வெளியீட்டுக்கு முன் சேமிப்பை நீக்கி, நூல் முழுவதையும் ஒருமுறை ஆக்குதல் இன்றியமையாதது.