அகலப்பட்டைத் திசைவியில் முகவரியும் பெயரறிதலும்

அகலப்பட்டைத் திசைவி, அதாவது ரவுட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி தருகிறது. இணையதளப் பெயருக்குரிய எண்ணையும் கேட்டுச் சொல்கிறது.

கடம்பத்தூரில் ஒரு வீட்டுக் கைபேசிக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக் கணினி ஒன்றுக்கும் 192.168.1.5 என்ற ஒரே முகவரி இருக்கலாம். குழப்பம் வராது. இது வீட்டுக்குள் மட்டும் வழங்கும் செல்லப்பெயர் போன்றது. தகவல் வெளியே போகும்போது திசைவி அதில் தன் வெளிமுகவரியை இட்டு, கேட்ட கருவி எது என்று அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வந்ததும் அந்தக் கருவியிடமே சேர்க்கிறது. பழைய 32 பிட் முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான் என்பதால் வந்த ஏற்பாடு இது.

பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். ‘.இந்தியா’, ‘.இலங்கை’ என்று முடியும் தமிழ்ப் பெயர்களுக்கும் இதே வழிதான். திசைவி பெரும்பாலும் கேள்வியை இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கிக்கு அனுப்பி, பதிலைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த வழங்கி பழுதானால் வைஃபை குறி முழுதாகத் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. உடனே இணைப்பே போய்விட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். கணினியில் ‘பிங்’ கட்டளையால் 8.8.8.8 என்ற எண்ணை அழைத்துப் பார்க்கலாம். மறுமொழி வந்தால் இணைப்பு நலமே. திசைவி அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் பெரும்பாலும் போதும். வராவிட்டால் இணைய நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான்.