எக்ஸோஸ் மாத்தப் போறீங்களா? சத்தத்தைக் கேட்கும் முன் முத்திரையைப் பாருங்க

புது மோட்டார் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. மஸ்ஜித் இந்தியா பக்கம் நண்பர்களோடு தே தாரிக் குடிக்கப் போறீங்க. பக்கத்தில் அதே மாடல் வண்டி ஒன்று வந்து நிற்கிறது, ஆனால் எக்ஸோஸ் வேற. கடைவரிசைச் சுவரில் பட்டுத் திரும்பும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்: "நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டா என்ன?"

ஆசை தப்பில்லை. ஆனா, எக்ஸோஸ் தனி, பெட்ரோல் டியூனர் தனி என்று நினைத்து வாங்கினால் இரண்டு முறை செலவாகும். இரண்டையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

சத்தம் கூடினால் சக்தி கூடுமா?

கூடாது. சைலன்சரின் வேலை, எஞ்சினிலிருந்து வேகமாக வெளியேறும் வாயுவின் அதிர்வை அடக்குவது. அந்த அடக்கத்தைக் குறைத்தால் சத்தம் உடனே கூடும். சக்தி கூட வேண்டுமென்றால் குழாயின் நீளம், விட்டம், எஞ்சினின் சுழற்சி வேகம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், சிக்னலில் கிளம்பும்போது இருக்க வேண்டிய இழுவையே குறையும்.

ஒரு சின்னக் கணக்கு. நம்ம ஊர் 150 சிசி கப்சாய் ஒன்றின் சக்தி ஏறக்குறைய 15 குதிரைத்திறன். அதில் 5 விழுக்காடு கூடியதாகவே வைத்துக்கொள்வோம். கிடைப்பது 1 குதிரைத்திறன்கூட இல்லை.

'ஸ்லிப் ஆன்' போதுமா, 'ஃபுல் சிஸ்டம்' வேணுமா?

ஸ்லிப் ஆன் என்றால் பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றுவது. ஃபுல் சிஸ்டம் என்றால் எஞ்சின் வாயிலிலிருந்து முழுக் குழாயையும் மாற்றுவது. பல வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கும். ஃபுல் சிஸ்டம் மாட்டும்போது அதுவும் சேர்ந்து போய்விடலாம். வாங்கும் முன் இதைக் கட்டாயம் கேளுங்க.

டியூனர் எதுக்கு?

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காற்று தேவை. மெதுவாக, சீராக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சர் இந்த அளவைப் பார்த்துச் சொல்லும். இசியு அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். அதனால் ஸ்லிப் ஆன் மட்டும் போட்டால் பெரும்பாலும் டியூனர் தேவைப்படாது.

த்ரோட்டலை முழுசாகத் திருகும்போதுதான் சிக்கல். அப்போது இசியு சென்சரைக் கேட்காமல், தொழிற்சாலையில் பதிந்து கொடுத்த அட்டவணைப்படி பெட்ரோல் விடும். அந்த அட்டவணை பழைய எக்ஸோஸுக்காக எழுதப்பட்டது. ஃபுல் சிஸ்டம் போட்டு, ஏர் ஃபில்டரையும் மாற்றினால் உள்ளே போகும் காற்று கூடும். பெட்ரோல் அதே அளவில் நிற்கும். கலவை வறண்டால் எஞ்சின் சூடேறும், நாக்கிங் வரும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வும் பிஸ்டனும் பாதிக்கப்படலாம்.

இதைச் சரிசெய்ய மூன்று வழி உண்டு. ஒன்று, இசியு அனுப்பும் சிக்னலை இடையில் மாற்றும் 'பிக்கிபேக்' பெட்டி. இரண்டு, வண்டியின் சொந்த இசியுவையே ரீமேப் செய்வது. மூன்று, இசியுவையே எடுத்துவிட்டு, நிரல் மாற்றக்கூடிய வேறொன்றைப் போடுவது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "டைனோ மெஷினில் ஏற்றி, காற்று-பெட்ரோல் அளவைப் பார்த்துத்தான் டியூன் பண்றீங்களா?" காதால் கேட்டே சரி பண்ணிடுவேன் என்று சொல்கிற பெங்கேலில் புது வண்டியைக் கொடுக்காதீங்க.

சட்டம் எதைப் பார்க்கிறது?

மலேசியாவில் வாகன இரைச்சலுக்கென்றே 1987 முதல் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் உள்ளன. மோட்டார் சைக்கிள் புகைக்கு 2003இல் தனி விதிமுறைகள் வந்தன. இவற்றோடு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இருக்கிறது. போலீஸ், ஜேபிஜே, சுற்றுச்சூழல் துறை மூன்றும் சேர்ந்து சாலைத் தடுப்புச் சோதனை நடத்துவதை நீங்களே பார்த்திருப்பீங்க.

ஹெல்மெட் வாங்கும்போது சிரிம் முத்திரையைத் தேடுகிறோம் இல்லையா? எக்ஸோஸிலும் ஒரு முத்திரையைத் தேடுங்க. வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் உலோகத்தில் பொறித்திருக்கும். அந்த எண், அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 52 மலேசியா. மோட்டார் சைக்கிள் மாற்று சைலன்சர்களுக்கான ஐநா விதிமுறை எண் 92. அந்த அங்கீகாரம் உங்கள் மாடலுக்கு உரியதா என்பதைப் பெட்டியோடு வரும் தாளில் சரிபாருங்க.

'ரேஸ் யூஸ் ஒன்லி' என்று அச்சிட்டிருந்தால் அது சிப்பாங் பந்தயப் பாதைக்கு, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்கு இல்லை. முத்திரை உள்ள சைலன்சரிலும் வாயில் செருகியிருக்கும் 'டிபி கில்லரை' உருவிவிட்டால், சோதனையில் தேறிய பொருள் அது இல்லை என்றாகிவிடும்.

வாரண்டி, இன்சூரன்ஸ்?

வாரண்டி புத்தகத்தில் மாற்றங்கள் பற்றிய பக்கத்தை முதலில் படிங்க. இசியுவைத் தொட்டபின் எஞ்சின் கோளாறு வந்தால், வாரண்டி கோரிக்கை மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் சொல்லிடுங்க. விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் இழப்பீடு சிக்கலாகும். வண்டிக் கடன் மட்டும் மாசாமாசம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்போ என்ன செய்யலாம்?

• முதல் சர்வீஸ் முடியும்வரை எதையும் மாற்ற வேண்டாம். வண்டியின் உண்மையான இழுவை அதற்குப் பிறகுதான் தெரியும்.

• தோற்றத்துக்கும் எடை குறைவதற்கும்தான் என்றால், முத்திரை உள்ள ஸ்லிப் ஆன் போதும்.

• சக்திதான் வேணும் என்றால் எக்ஸோஸ், டியூனர், டைனோ கூலி மூன்றையும் கூட்டிப் பாருங்க. அந்தத் தொகைக்கு நல்ல டயரும் பிரேக்கும் வாங்க முடியுமா என்றும் யோசிங்க. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான்.

• டியூன் செய்த பிறகு, முன்னும் பின்னும் எடுத்த டைனோ தாளைக் கேட்டு வாங்குங்க.

சத்தம் விஷயத்தில் ஒன்றை மறக்காதீங்க. டெசிபல் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். இரவு 2 மணிக்கு ஃபிளாட்டுக்குத் திரும்பும்போது அந்த இரண்டு மடங்கு போய்ச் சேருவது, விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தூங்க வைத்த அவர் குழந்தைக்கும்.

கடைசியாக ஒன்று: கழற்றிய ஒரிஜினல் எக்ஸோஸை விற்றுடாதீங்க. துணியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைங்க. சோதனைக்கும் வாரண்டிக்கும் வண்டியை விற்கும் நாளுக்கும் அது தேவைப்படும்.