ஆர்கிட் வளர்க்கத் தேங்காய் மட்டையே போதும்

ஆர்கிட் மலர்கள் பறித்த பிறகும் பல நாட்கள் வாடாமல் இருப்பவை. அதனால் தென்னந்தோப்பை ஒட்டி நிழல்வலைக் கொட்டகை போட்டு, டென்ட்ரோபியம் வகை ஆர்கிட்டை வளர்க்கச் சிறு விவசாயிகளும் முன்வருகிறார்கள். கன்றுக்கும் கொட்டகைக்குமே கணிசமான பணம் செலவாகிவிடுகிறது. இதற்கு மேல், செடியைக் கட்டி வளர்க்க மரப்பெரணிக் கட்டை வேண்டும் என்று கேள்விப்பட்டதும் பலர் தயங்கிவிடுகிறார்கள். இந்தத் தயக்கம் தேவையற்றது. தோப்பில் கிடைக்கும் பொருள்களைப் பக்குவப்படுத்திப் பயன்படுத்தினாலே போதும். பக்குவப்படுத்தாமல் பயன்படுத்தினால்தான் நஷ்டம்.

புல்லுருவி அல்ல

பழைய மாமரக் கிளைகளில் தடித்த இலைகளுடன் வாண்டா இன ஆர்கிட் ஒட்டி வளர்வதைப் பார்த்திருக்கலாம். இதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிபவர்களும் உண்டு. புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டுச் சாற்றை உறிஞ்சும். ஆர்கிட் அப்படியல்ல, பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மழை நீரையும், அதில் கரைந்து வரும் சத்தையும் தன் வேர்களாலேயே எடுத்துக்கொள்கிறது.

இந்த வேரின்மேல் பஞ்சு போன்ற வெள்ளை உறை இருக்கிறது. நனைந்ததும் பச்சையாகும், காய்ந்ததும் வெளுக்கும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் அழுகிவிடும். ஆகவே செடியைத் தாங்கும் பொருள் அதற்கு உணவு தரவேண்டியதில்லை. வேர் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு, தண்ணீர் தேங்காத தன்மை, காற்றோட்டம், விரைவில் மக்காத உறுதி ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

மரப்பெரணியை விடுவது ஏன்?

மலைச்சோலைகளில் நீரோடைகளின் ஓரம் வளரும் மரப்பெரணியின் தண்டைச் சுற்றி வேர்நார் அடர்ந்திருக்கும். இந்த நான்கு குணங்களும் அதில் இருப்பது உண்மை. ஆனால் இது மிக மெதுவாக வளர்வது. குருத்து உச்சியில் மட்டுமே இருப்பதால், தண்டை வெட்டினால் பெரும்பாலும் செடியே செத்துவிடும். சயாதியா இன மரப்பெரணிகளும் எல்லா ஆர்கிட் இனங்களும், 1975-ல் நடைமுறைக்கு வந்த காட்டுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. காப்புக் காடுகளிலிருந்து அனுமதியின்றி இவற்றை எடுப்பது குற்றமாகும்.

பொருளை மாற்றுவது புதிய விஷயமும் அல்ல. ஒரு காலத்தில் மேல்நாடுகளில் ஆஸ்முண்டா என்ற பெரணியின் வேர்நாரைத்தான் ஆர்கிட்டுக்குப் பயன்படுத்தினார்கள். அது அரிதாகவே, மரப்பட்டைத் துண்டுகளுக்கு மாறினார்கள். தாய்லாந்தில் வணிக முறையில் டென்ட்ரோபியம் வளர்ப்பவர்கள் தேங்காய் மட்டையைப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள்.

தேங்காய் மட்டை

முற்றிய தேங்காயிலிருந்து உரித்துக் காய்ந்த மட்டையே ஏற்றது. பச்சை மட்டையும், கயிறு திரிக்க உப்புநீர்க் குழியில் அழுகவைத்த மட்டையும் ஆகாது. நல்ல மட்டையிலும் உப்பும் சாயச் சத்தும் இருக்கும். கடலோரத் தோப்புகளின் மட்டையில் உப்பு இன்னும் அதிகம். அதை அப்படியே கட்டினால் புதிய வேர்நுனிகள் கறுத்து, இலைநுனிகள் காயும். பலர் உரக் குறைவு என்று எண்ணி மேலும் உரமிடுகிறார்கள். உப்போடு உப்பு சேர்ந்து செடி மடிகிறது.

மட்டையைத் தொட்டியில் போட்டு, மிதக்காதபடி மேலே கல் வைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். முதலில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் சிவந்து இறங்கும். நிறம் வெகுவாகக் குறையும் வரை இதைத் தொடரலாம். பிறகு வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். ஒரு பருவ மழையில் வெளியே குவிந்து கிடந்த மட்டையில் உப்பு பெரும்பாலும் கழுவப்பட்டிருக்கும். அதற்கு ஊறவைக்கும் வேலை குறைவு.

மட்டையின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. செடி நன்றாகப் பூக்கும் நேரத்தில் மட்டை மக்கத் தொடங்கும். அப்போது வேரைப் பிய்த்தெடுக்கக் கூடாது. பழைய மட்டையோடு சேர்த்துப் புதிய மட்டையின்மேல் வைத்துக் கட்டினால், வேர்கள் தாமாகவே புதியதற்குத் தாவிவிடும்.

மரக்கட்டை, ஓடு, கரி

தொங்கவிட்டு வளர்க்க, கவாத்து செய்த மா, பலா, புளி, காப்பி ஆகியவற்றின் கிளைகள் நல்லவை. கெட்டியான, பட்டை உரியாத கட்டையாகப் பார்த்துக் காயவைத்து எடுக்க வேண்டும். கொய்யாவும் தைலமரமும் பட்டையை உரித்துப்போடுபவை. பட்டையோடு வேரும் கழன்றுவிடும். சாயம் பூசிய கட்டையும், கரையான் மருந்து ஏற்றிய கட்டையும் வேண்டாம்.

சட்டியிலோ மேடையிலோ வளர்ப்பவர்கள் ஓட்டுத் துண்டு, செங்கல் துண்டு, மரக்கரி ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். இவை மக்குவதில்லை. சுண்ணாம்பு, சிமெண்டு ஒட்டிய செங்கல்லைத் தவிர்க்க வேண்டும். கரி உர உப்பைப் பிடித்துவைக்கும்; அவ்வப்போது வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.

கட்டும் முறை

செடியின் அடியில் புதிய வேர்கள் பச்சை நுனியுடன் எட்டிப்பார்க்கும் நேரமே கட்டுவதற்கு ஏற்ற சமயம். அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தியால் நீக்க வேண்டும். மட்டையின் நார்ப்பக்கத்தில் செடியை வைத்து, வேர்களைப் பரப்பி, அடித்தண்டு புதையாதபடி கட்ட வேண்டும். மரக்கட்டையாக இருந்தால், வேரின்மேல் தென்னம் பன்னாடையை ஒரு சுற்று சுற்றுவது நல்லது. இது ஈரத்தைச் சிறிது நேரம் நிறுத்தும். வேர் பிடித்த பிறகு தானே மக்கிப்போகும்.

கட்டுவதற்குப் பருத்தித் துணி நாடா அல்லது மீன்பிடி நைலான் நரம்பு போதும். வாழை நார் விரைவில் இற்றுவிடுவதால் இரட்டைக் கட்டாகப் போட வேண்டும். செம்புக் கம்பி கூடவே கூடாது. செம்பு ஆர்கிட் வேருக்கு நஞ்சு. கட்டிய செடி அசையக் கூடாது. அசைந்தால் புதிய வேர்நுனி தேய்ந்து நின்றுவிடும். மழை நீர் குருத்தில் தேங்காதபடி சற்றுச் சாய்வாகத் தொங்கவிட வேண்டும்.

தண்ணீரும் உரமும்

கட்டையில் உள்ள செடி சீக்கிரம் காயும். தினமும் காலையிலும், கோடையில் இரண்டு வேளையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தேங்காய் மட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலத்தில் தொட்டுப்பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே தெளிக்கலாம். மாலைக்குள் இலைகள் காய்ந்துவிடுவது நல்லது. உவர்நீர்க் கிணறு உள்ளவர்கள் மழை நீரைச் சேமித்துப் பயன்படுத்த வேண்டும்.

19:19:19 போன்ற கரையும் உரத்தை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். டென்ட்ரோபியத்துக்கு ஐம்பது சதவீத நிழல் போதும். மட்டைக்குள் நத்தையும் மரவட்டையும் ஒளியும்; இரவில் விளக்குடன் சென்று பொறுக்கி அழிக்கலாம். தண்டு கறுத்து அழுகினால், அப்பகுதியை வெட்டி நீக்கித் தண்ணீரைக் குறைக்க வேண்டும். தாமிரம் கலந்த மருந்து டென்ட்ரோபியத்தைப் பாதிக்கும். அதைத் தெளிக்கக் கூடாது.

சிறு அளவில் தொடங்குங்கள்

காட்டுச் செடியைத் தேடிப் போகாமல், நாற்றங்கால்களில் கிடைக்கும் திசு வளர்ப்புக் கன்றுகளையே வாங்க வேண்டும். எடுத்த எடுப்பில் நூற்றுக்கணக்கில் வாங்கவேண்டியதில்லை. பத்துச் செடிகளை வாங்கி, ஐந்தை மட்டையிலும் ஐந்தைக் கட்டையிலும் கட்டி, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடத்திப் பாருங்கள். எதில் வேர் பச்சை நுனியோடு ஓடுகிறதோ, அதுவே உங்கள் தோப்புக்கும் உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் ஏற்ற பொருள். அதன் பிறகு பணம் போட்டால் கைப்பொருள் வீணாகாது.