பழைய கம்ப்யூட்டரிலும் சரக்கு உண்டு

மூட்டை பிரிக்கையில் சிந்தும் பருப்பையும் கூட்டி அள்ளிப் புடைத்து விற்பவர்கள் நாம். காலிச் சாக்கைக்கூடக் காசாக்குகிறோம். ஆனால் பில் போட்டுத் தேய்ந்த கம்ப்யூட்டரை மட்டும் காயலான் கடையில் இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

அதன் ஹார்டு டிஸ்க்கில் உள்ள சிறு காந்தத்தில் நியோடிமியம் என்ற அரிய மண் உலோகம் இருக்கிறது. இரும்போடு சேர்த்து உருக்கினால் அது கசடோடு போய்விடும்.

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகள் திண்டாடின. ஒரே மண்டியை நம்பினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? அவ்வாண்டு செப்டம்பரில், கழிவிலிருந்து முக்கியக் கனிமங்களை மீட்கும் தொழிலுக்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

ஆலை வந்தாலும் சரக்கு வர வேண்டுமே! கடைக்கு ஒன்றாகக் கிடப்பதைச் சங்கத்தில் சேர்த்தால் ஒரு லோடு தேறும். அரசில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அதைக் கொடுப்போம், வணிகப் பெருமக்களே!