விடியலோடு விட்ட கிரகணம்

2019 ஜூலை 17, ஆடி முதல் நாள். விடிகாலை 4.01 மணிக்குப் பினாங்கில் முழுநிலாவைக் கிரகணம் பிடித்தது. 5.30 மணிக்கு நிலாவின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பூமியின் கருநிழலுக்குள் போயிருந்தது. 6.59க்கு விட்டது. சற்று நேரத்தில் கிழக்கே சூரியன் எழ, மேற்கே நிலா இறங்கிவிட்டது.

சந்திர கிரகணம் முழுநிலா நாளில்தான் வரும். அன்று நிலாவும் சூரியனும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பதால், ஒன்று உதிக்கும் நேரமே மற்றது மறையும் நேரம். கிரகணம் பின்னிரவில் பிடித்தால், அது விடுவதை மேற்கு அடிவானத்தில்தான் தேட வேண்டும்.

இங்கேதான் ஜார்ஜ் டவுன்வாசிகளுக்குச் சிக்கல். நகரம் தீவின் வடகிழக்கு முனையில் இருக்கிறது, மேற்கே மலைத்தொடர். கொடிமலைப் பகுதியின் உச்சி 800 மீட்டரைத் தாண்டும். அன்று கிரகணம் பிடித்தபோது நிலா 40 பாகைக்கு மேல் நின்றது. விடும்போது இருந்த உயரம் ஐந்து பாகைக்கும் குறைவு. கையை முன்னே நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்து பாகை. அதில் பாதிகூட எட்டாத உயரத்தில் இருக்கும் நிலாவை மறைக்க மலைகூட வேண்டாம், நான்கு மாடிக் கட்டடம் போதும்.

அதனால் இத்தகைய கிரகணத்துக்குத் தொலைநோக்கியைவிட நிற்கும் இடம் முக்கியம். பாலேக் பூலாவ் பக்கத்து மேற்குக் கரையில் கடல் திறந்து கிடக்கிறது. அங்கே பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையம் அமைந்திருப்பதும் பொருத்தமே: பிறை பார்க்கவும் மறைவில்லாத மேற்கு அடிவானம்தான் தேவை.

கரையில் மேற்கு நோக்கி நின்றவருக்கு அன்று நிலாவின் வலப்பக்கம் இருண்டிருந்தது. நிழலின் விளிம்பு நேர்கோடல்ல, வளைவு. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளுள் இந்த வளைவும் ஒன்று. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்கு எந்தக் கேடும் இல்லை.

நிறத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. கருநிழலுக்குள் படரும் செம்பு நிறம், பூமியின் காற்று மண்டலத்தில் வளைந்து நிலாவை எட்டும் சூரிய ஒளியால் வருவது. அடிவானத்து நிலாவின் சிவப்போ, பார்ப்பவருக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள காற்று செய்யும் வேலை. இரண்டிலும் நீல ஒளியைச் சிதறடிப்பது காற்றுதான். ஆனால் பின்னது கிரகணமே இல்லாத நாளிலும் உண்டு. விடியல் வெளிச்சம் ஏற ஏற, நிழலுக்கும் வானுக்கும் வேறுபாடு குறைந்து, இருண்ட பகுதி வானத்தோடு கரைந்துவிடும்.

2028 ஜூலை 7 அதிகாலையிலும் பினாங்கில் பகுதிக் கிரகணம் தெரியும். உச்சம் சுமார் 2.20 மணிக்கு. நிலா அப்போது உயரத்தில் இருக்கும் என்பதால், வானம் தெளிந்திருந்தால் நகரத்து மொட்டைமாடியே போதும்.