குறைத்துக் கொடுப்பதும் அன்பே

தோபித்து நூலை வாசிப்போர் அதில் வரும் ஒரு நாயைக் கவனியாது கடந்துவிடுவதுண்டு. இளைஞரான தோபியா, இரபேல் வானதூதரின் துணையுடன் தொலைதூரப் பயணம் புறப்பட்டபோது அதுவும் உடன் சென்றது. பார்வையிழந்த தந்தை காத்திருந்த இல்லத்தை நோக்கி அவர்கள் திரும்பிய வேளையிலும் அது பின்தொடர்ந்தது. நூலாசிரியர் அதற்குப் பெயர் சூட்டவில்லை. ஆயினும் அதனை மறந்துவிடவுமில்லை.

எமது இல்லத்திலும் அத்தகைய துணை ஒன்று உண்டு. கண்டி நகருக்கு அண்மையில், அம்பிட்டியவின் மேட்டு நிலத்திலுள்ள எம் வீட்டில் 11 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நாய் அது. சில மாதங்களுக்கு முன்னர் படியேறும்போது அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எழும்போது பின்னங்கால்கள் தளர்ந்தன. இன்னும் சில ஆண்டுகள் அது எம்மோடிருக்க மருந்தேதும் உண்டோ என்று கேட்பதற்காக மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டு சென்றோம்.

அவர் முதலில் அதன் நிறையைப் பார்த்தார். பின்னர் விலாப்புறத்தைத் தடவினார். கொழுப்பு மூடியிருந்தமையால் எலும்புகள் விரல்களுக்குத் தட்டுப்படவில்லை.

"ஆயுளைக் கூட்டும் மாத்திரை என்னிடம் இல்லை, ஐயா. ஆனால் உணவைக் குறைப்பது உங்கள் கையில் உள்ளது" என்றார்.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றையும் அவர் எடுத்துரைத்தார். 48 லாப்ரடோர் நாய்கள் குட்டிப் பருவம் முதல் இரு பிரிவுகளாக வளர்க்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு மற்றையதைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாகவே உணவளிக்கப்பட்டது. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றைத் தாமதமாகவே பற்றியது.

"திடீரெனப் பட்டினி போடாதீர்கள், சிறிது சிறிதாகக் குறையுங்கள். மேட்டில் ஏற்றாமல் சமதரையில் சிறிது தூரம் நடத்துங்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பற்களையும் இரத்தத்தையும் பரிசோதியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையையும் நாடலாம். வழமைக்கு மாறாக அதிகம் நீர் அருந்தினால் தாமதியாது காட்டுங்கள். மனிதருக்குரிய வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்க வேண்டாம், அவை உயிருக்கே ஆபத்தாகலாம்" என்றும் அறிவுறுத்தினார்.

இறுதியாக, "உணவு கொடுப்பவர் யார்?" என்று வினவினார். காலையும் மாலையும் அளவாகவே கொடுக்கிறோம் என்றோம். "அந்த அளவுக்கு இவ்வளவு நிறை வராதே" என்றார் அவர்.

அதற்கான விடை வீட்டிலேயே கிடைத்தது. எம் அன்னையார் மதிய வேளையில் தமது தட்டிலிருந்த சோற்றிலும் மீனிலும் பாதியை அதற்கே கொடுத்து வந்தார். ஏன் என்று கேட்டபோது, "நான் சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பது அது மட்டுந்தானே, மகன்" என்றார்.

அச்சொல் எம் நெஞ்சைத் தைத்தது. நாயின் ஆயுளை நீட்டிக்க வழி தேடிச் சென்ற நாம், முதிய தாயோடு ஒரு வேளை உணவுக்கு அமர நேரம் கண்டோமில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்விரு கடமைகளையும் ஒருங்கே முன்வைக்கிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். எனினும் மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்பால் திருப்பிவிடலாகாது என்றும் அதன் 2416ஆம், 2418ஆம் பத்திகள் போதிக்கின்றன.

இப்போது பாடசாலை விட்டு வரும் எம் மகள் பாட்டியாரோடு அமர்ந்தே உண்கிறாள். நாய் வழமைபோல் அருகில் படுத்திருக்கிறது. தட்டிலிருந்து அதற்கு எதுவும் கிடைப்பதில்லை, தலையை வருடும் கை மட்டும் கிடைக்கிறது. அதன் நிறை மெல்லக் குறைந்து வருகிறது. அன்னையாரோ தமது உணவை முழுமையாக உண்கிறார்.

தவக்காலத்தில் நாம் நமக்கென உணவைக் குறைக்கிறோம். அன்பு செய்வோருக்காகக் குறைத்துக் கொடுப்பதும், அவ்விடத்தை நம் நேரத்தால் நிரப்புவதும் அதற்கு இணையான தவமன்றோ! எத்தனை நாள் என்பது படைத்தவரின் கையில் உள்ளது. அந்நாட்களை வலியின்றியும் தனிமையின்றியும் கழியச் செய்யும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

தோபியாவின் நாய் அவரோடு முதிய தந்தையின் இல்லம் சேர்ந்தது. எம் நாயும் எம்மை எம் தாயிடம் கொண்டு சேர்த்தது.